எழாதே

கெனேமா மருத்துவமனையின் பின்கட்டில்
ஒரு ஜெனரேட்டர், இரண்டு உறைபெட்டிகள், நான்.
டீசல் பீப்பாய் ஒன்றுதான்,
பிரசவ அறைக்கும் எனக்கும் சேர்த்து.
குறைந்தால் யாருக்கு முதலில் என்ற பேச்சே இல்லை.
ஆகவே உறைபெட்டிக் கதவில்
சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன்:
திறக்காவிட்டால் ஐந்து மணி நேரம்.

மாலையில் பங்குமாவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள்.
தங்கை சரிந்துவிடாமல்
தன் முதுகோடு துணியால் கட்டி வந்திருந்தான் அண்ணன்.
அவிழ்த்தபோது அவன் சட்டையிலும் அவள் வெப்பம்.
ஜெபே. வயது பதினான்கு. காய்ச்சலுக்கு ஒன்பதாம் நாள்.
மூன்று கடைகளில் மூன்று மலேரியா மாத்திரை
தின்று தீர்த்தாயிற்று.
முகம் வீங்கியிருக்கிறது, ஈறில் ஒரு கோடு ரத்தம்.

எலி உண்டா வீட்டில் என்று கேட்டேன்.
பூனை உண்டு என்றான், கோபமாக.

கையுறை மேல் கையுறை, அதன் மேல் இன்னொன்று.
மூன்று தோல் தாண்டி
அவள் நாடியைத் தேட வேண்டியிருந்தது.
குழாயில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.
எழுதினேன்.
எண்ணை மறக்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

இனி இயந்திரத்தின் பாடு. நாற்பது சுற்று.
கோடு தரையோடு கிடந்தால் இது வேறு காய்ச்சல்.
பிந்தி எழுந்தால் கிருமி கொஞ்சம்.
முந்தி எழுந்தால் முந்தியது கிருமி.
பதினாறு. பதினேழு.
எழாதே.
ஃப்ரீடவுனிலும் ஹாம்பர்கிலும் படித்தவள் நான்,
திரையோடு பேசக் கூடாது.
பத்தொன்பது.
எழாதே, படுத்துக்கிட, நாய்க்குட்டி போல.
இருபத்திரண்டில் எழுந்தது.

லாஸா.
நான்கே மரபணு.
பள்ளி நோட்டின் சில தாள்களில்
முழுவதையும் எழுதி முடித்துவிடலாம்.
எலிக்கு அதனால் ஒரு தும்மல்கூட இல்லை:
கிருமி சுமந்து, குட்டி சுமந்து,
அரிசிச் சாக்கின் மேல் சிறுநீர் சிந்தி,
தன் வழியே போகிறது.
ஆறு நாளுக்குள் வந்தவர்களுக்கு மருந்து கைகொடுக்கும்.
ஒன்பதாம் நாளில் மருந்து ஏற்றுகிறோம், காத்திருக்கிறோம்.
அண்ணனுக்குச் சொல்ல
மெண்டே மொழியில் வார்த்தை இருந்தது,
எனக்குத்தான் வாய் இல்லை.

நள்ளிரவில் பொக்காரி வந்தான், பொறிகளோடு.
பதினோரு ஆண்டு முன்பு இதே வார்டில் பிழைத்தவன்.
காய்ச்சல் இறங்கிய காலையில்
ஊரே வாயை மட்டும் அசைக்கிறது என்று நினைத்தானாம்.
காது அன்று போனது, திரும்பவில்லை.
இப்போது எனக்கு எலி பிடிப்பவன்:
கருவாடும் கடலை விழுதும் பிசைந்து வைத்து,
விழுந்ததா என்று
பொறியின் மேல் உள்ளங்கை வைத்துப் பார்ப்பான்.
துடித்தால் உண்டு.

அவன் ரத்தமும் என் உறைபெட்டியில்தான், கீழ்த்தட்டில்.
வருடத்துக்கு ஒரு முறை நெஞ்சைத் தொட்டு,
விரலால் எலி வால் வரைந்து,
இன்னும் உள்ளே இருக்கிறதா என்பான்.
இல்லை என்று தலையாட்டுவேன்.
காவல் மட்டும் இருக்கிறது,
போன திருடனைத் தேடி இன்னும் விழித்திருக்கும் காவல்.
அதைச் சைகையில் சொல்ல இதுவரை வரவில்லை.

இரண்டரைக்கு ஜெனரேட்டர் இருமி நின்றது.
சுண்ணாம்புக் கணக்கு தொடங்கியது.
இருட்டில் மின்விசிறியின் கடைசிச் சுற்றும் அடங்க,
வார்டுப் பக்கம் அண்ணனின் செருப்பு,
அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே.

அப்புறம் அதைக் கேட்டேன்.
தலைக்கு மேலே,
என் ஆய்வகத்தின் கூரைப் பலகைக்குள்,
சின்னச் சின்ன நகங்கள்,
குடும்பத்தோடு.

பெஞ்சில் நிம்மதியாகத் தூங்கினான் பொக்காரி,
இந்த ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் அது முடியும்.
தோளைத் தட்டினேன். டார்ச்சைக் கூரைக்குக் காட்டினேன்.
கண்ணைக் கசக்கிப் பார்த்தான், என்னை, கூரையை,
திரும்ப என்னை.
தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான், சத்தமே இல்லாமல்.
பிறகு எழுந்து போய்
கடலை விழுது டப்பாவைத் திறந்தான்.